வாசல் நிலையில் எழுதிய வார்த்தை

ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் அப்போதுதான் பிறந்திருந்தன. ஈப்போவிலிருந்து மாட்டு வண்டியில் அரைநாள் தூரத்தில் இருந்த ஒரு தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. ஒட்டினாற்போல் வண்டிப்பாதை.

அந்தத் தோட்டத்தில் எங்களைப் போன்ற வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஆனாலும் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்மஸ் முடிந்ததிலிருந்து மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் சாயங்காலம்தோறும் செபமாலை சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் வாய் பேசாமல் முழங்காலில் இருப்போம். புது வருடத்தில் எங்களை நடத்த ஒரு வார்த்தை தரும்படி ஆண்டவரைக் கேட்க வேண்டும். நாமாக நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளக் கூடாது. செபத்தில் எது திரும்பத் திரும்ப வந்து நிற்கிறதோ அதுதான் நமக்கு. திருநாளுக்கு ஈப்போவிலிருந்து வரும் சாமியார் சுண்ணக்கட்டியை மந்திரித்துக் கொடுப்பார். அதைக்கொண்டு, வீட்டுக்கு ஒன்றாக, அந்த வார்த்தையை வாசல் நிலையின் மேல் எழுதுவோம். வருடம் முழுக்க அது அங்கேயே இருக்கும்.

அந்த வருடம் என் வீட்டுக்காரருக்கு வந்தது பொறுமை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த மனிதரிடம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் பொறுமை இருந்தது. நிலையில் எழுதிவிட்டால் அதை நான்தான் சுமக்க வேண்டியிருக்கும். எனக்கோ, மாதா பிரார்த்தனையில் 'பாவிகளுக்கு அடைக்கலமே' என்ற இடத்தில் அந்த அடைக்கலமே திரும்பத் திரும்ப வந்து நின்றது. காரணம் இல்லாமல் இல்லை. ஆள் குறைப்புப் பேச்சு நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வந்தது. பேரை வெட்டினால் வேலையோடு வீடும் போகும். ஊரில் எங்களுக்கு ஒரு குடிசைகூட இல்லை. இந்தக் கூரை தலைக்கு மேல் நிற்க வேண்டும் என்பதுதான் அன்று என் ஒரே விண்ணப்பம்.

"சரி புள்ள, ஒன் வார்த்தையே இருக்கட்டும்" என்று அவர் விட்டுக்கொடுத்தார். பொறுமைசாலி என்று சொன்னேனே.

எழுதியது நான்தான். ஊரில் சாமியார் பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்து. லயத்துப் பெண்களில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமையில், வண்டிப்பாதையில் போகிறவர்களுக்கும் தெரியும்படி 'அடைக்கலம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தேன்.

சில வாரங்கள் போயின. ஒரு மத்தியானம், பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. ஒரு பெண் நின்றிருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. முழங்கால்வரை புழுதி. கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம் தொங்கியது, ஆகவே நம்மவள்தான். மேலே நிலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இங்க அடைக்கலம்னு போட்டிருக்கு. அதான் வந்தேன்."

அது நான் ஆண்டவரிடம் கேட்டது, யாருக்கும் கொடுப்பதாகச் சொன்னதில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? முதலில் சோற்றைப் போட்டேன். சாப்பிட்ட பிறகு சொன்னாள். அடுத்த தோட்டத்துக்காரி. புருஷன் காய்ச்சலில் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அங்கே ஆட்களை மேய்க்கும் கங்காணி, தன் தம்பியோடு போய் இருக்கும்படி அவளைக் கட்டாயப்படுத்தினானாம். ஈப்போ கோவிலுக்கு நடந்தே போய்விடலாம் என்று கிளம்பியவள், கால் ஓய்ந்த இடத்தில் எங்கள் வாசலைப் படித்திருக்கிறாள்.

இன்னொரு தோட்டத்து ஆளை ஒளித்துவைத்தால் அன்றைக்கே எங்களுக்குச் சீட்டுக் கிழியும். அதுவும் ஆளைக் கழிக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்த காலம். எந்தக் கூரைக்காகக் கெஞ்சினேனோ, அந்தக் கூரைக்கே உலை வைக்க வந்திருக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பாதி அவள்மேல், பாதி ஆண்டவர்மேல்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் ஓட்டமும் நடையுமாக வந்தார். "அடுத்த தோட்டத்துக் கங்காணி ஒரு பொண்ணத் தேடி வந்திருக்கான். நம்ம கங்காணியக் கூட்டிக்கிட்டு வீடு வீடா பாத்துக்கிட்டு வாரான்" என்றவர், உள்ளே இருந்தவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

அவளை அனுப்பிவிடுவது என்றுதான் நினைத்தேன். ஆனால் அனுப்புவதானால் அந்த வார்த்தை அங்கே இருக்கக் கூடாது. அந்த மட்டுக்கும் எனக்கு மனச்சாட்சி இருந்தது. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு முக்காலியில் ஏறினேன். ஏறியவள் உள்ளே திரும்பிப் பார்த்தேன். அவள் கெஞ்சவில்லை, அழவில்லை. என் கையில் துணியைக் கண்டதும் பேசாமல் மூட்டையைக் கட்ட ஆரம்பித்திருந்தாள். மூட்டை என்ன மூட்டை, ஒரு சேலையும் ஒரு கும்பாவும்தான்.

அழுதிருந்தால் ஒருவேளை அழித்திருப்பேன். அவள் அவ்வளவு சட்டென்று புரிந்துகொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இறங்கி வந்து, அவளை அடுப்படியில் விறகுக்குப் பின்னால் உட்காரச் சொன்னேன். அதே துணியால் வாசற்படியைத் துடைக்க உட்கார்ந்தேன். அதற்குள் கங்காணிகள் இருவரும் வந்துவிட்டார்கள்.

"இங்க ஒரு பொம்பளப்புள்ள வந்துச்சா?" என்று கேட்டான் அடுத்த தோட்டத்துக் கங்காணி. நான் தலை நிமிராமல் படியையே துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கங்காணி நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர், எங்களிடம் ஒருநாளும் சிரித்துப் பேசியதில்லை. அவர் நிமிர்ந்து நிலையைப் பார்த்தார். எழுத்துக்கூட்டி, சத்தமாகவே படித்தார். பிறகு அதன் கீழே கிடந்த முக்காலியையும் என் கைத்துணியையும் பார்த்தார். எங்கள் வேலை, வீடு எல்லாம் அவர் வாயில் இருந்தது.

"இது வேதக்கார வீடு. புருசனும் பொண்டாட்டியும்தான். வாங்க, அந்தப் பக்கம் பாப்போம்" என்றார்.

போகிற போக்கில் என் வீட்டுக்காரரிடம், திரும்பிக்கூடப் பார்க்காமல், "விடியக்காலம் வெறகு வண்டி ஈப்போவுக்குப் போவுது" என்று மட்டும் சொன்னார். அது இரக்கமா, அந்தக் கங்காணிமேல் இருந்த பழைய பகையா, எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டுமாகவும் இருக்கலாம்.

மறுநாள் விறகு வண்டியில் என் வீட்டுக்காரரே அவளை அழைத்துப்போய்க் கன்னியர் மடத்தில் சேர்த்தார். இப்போதும் அங்கே சமையல்கட்டில்தான் இருக்கிறாள். மாதா திருநாளுக்கு ஈப்போ போனால் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துவிடுவாள். எங்கள் பேரை யாரும் வெட்டவில்லை. ஆனால் அந்த வருடம் முழுக்க, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் வாசிக்கும்போதெல்லாம், எங்கள் பேர் வரும்வரை காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன்.

அடுத்த வருடம் வார்த்தை கேட்க முழங்காலில் நின்றபோது, எனக்கு எதுவும் வந்துவிடக் கூடாதே என்று பயமாக இருந்தது. "அப்ப பொறுமையே போட்டுருவோமா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். அதையே எழுதினோம், அதே கொட்டை எழுத்தில். மந்திரித்த சுண்ணக்கட்டியைக் கையில் எடுக்கும்போது, இதை நம்பி யார் வந்து நிற்பார்களோ என்ற நடுக்கம் இன்றும் எனக்கு வருகிறது. அந்த நடுக்கம் இல்லாமல் எழுதினால் அது செபமாக இருக்காது என்றே நினைக்கிறேன்.