பக்கத்துக் காம்பரா

மத்தியானம் இரண்டு மணிக்குப் படம் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஜீவன் அண்ணனுக்குச் சோறு போட்டான். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தவன், வரிசை வீடுகளான லயத்தின் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கதவை இழுத்துப் பூட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள். அன்றைக்கும் பூட்ட வேண்டியிருக்கிறதே என்று உறுத்தியது. ஆனால் மயூரி மிஸ் இரண்டு தடவை போன் எடுத்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் பதுளையில் சமூக சேவை உத்தியோகத்தராக இருக்கிறார். அண்ணனுடைய மருத்துவக் கடிதங்களுக்காக ஜீவனோடு ஆஸ்பத்திரிப் படிகளில் ஏறி இறங்கியவர். "ஓட்டிசம் பற்றின படம், ஜீவன். அண்ணன் தம்பி கதை. நீங்கள் கட்டாயம் வரவேணும்" என்று அவர் சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

தெமோதரைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில்தான் ஜீவன் பிறந்தான். முப்பத்து மூன்று வயது. தோட்டத்தார் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் வேலை. அண்ணன் ரமேஸ் ஐந்து வயது மூத்தவன். பேச்சு இல்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். லயத்தில் யாராவது தகரத்தைப் போட்டுவிட்டால் காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போய்விடுவான். தோட்டம் முழுக்க அவனை ஊமையன் என்றே கூப்பிட்டது. காத்துக் கருப்பு என்று சொல்லி மந்திரித்தும் பார்த்தார்கள். ரமேசுக்கு இருபத்தொன்பது வயது நடக்கும்போதுதான் பதுளையில் ஒரு டாக்டர் அதற்கு ஓட்டிசம் என்று ஒரு பேர் சொன்னார்.

அம்மா பெரியாயி இருந்தவரை பேர் தேவைப்படவில்லை. அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போவாள். அவள் நிரை பிடித்துப் பறித்துக்கொண்டு நகர, அவன் ஓரமாக நகர்ந்துகொண்டே வருவான். இரண்டு வருடத்துக்கு முன் மஞ்சள் காமாலை வந்து அவள் போய்விட்டாள். மூன்றாவது வாரம் ரமேசைக் காணோம். கீழே ரயில் பாதையில் தண்டவாளத்தில் காதை வைத்துப் படுத்திருந்தான். பாதை வேலைக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, இன்னொரு தடவை கண்டால் பொலிசுக்குத்தான் கொடுப்போம் என்று சொல்லிப் போனார்கள். மறுநாள் காலையிலிருந்து பூட்டு. தேத்தண்ணி நேரத்தில் ஜீவன் ஓடிவந்து பார்த்துவிட்டு ஓடுவான்.

தோட்டத்துக் கலாசார மண்டபத்தில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, சுவரில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஜீவன் கடைசி வாங்கில், அந்த நீளப் பலகையின் ஓரமாக, கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கடற்கரையில் தனியாக நிற்கும் ஒரு வீடு. தொடக்கத்திலேயே அம்மா செத்துப்போக, அதில் அண்ணனும் தம்பியும் மட்டும். அண்ணனுக்கு ஓட்டிசம். தம்பி மீன் பிடிக்கப் போகிறவன். படம் தொடங்கி அரை மணி நேரத்தில், தம்பி அண்ணனை அறைக்குள் விட்டுப் பூட்டிவிட்டுக் கடலுக்குப் போனான். உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டது.

"பாவிப் பய" என்றாள் முன்னால் இருந்த ஒரு பெண்.

ஜீவனுக்கு அதற்குப் பிறகு படம் மனதில் ஏறவில்லை. துணியில் ஏதேதோ அசைந்தது. அண்ணன் கரித்துண்டால் சுவரில் படம் வரைந்தான். யாரோ பெரிய மனிதர் வந்து பார்த்தார். கடைசியில் அந்தப் படங்களைப் பட்டணத்தில் மாட்டி வைத்தார்கள். தம்பி அழுதான். மண்டபத்திலும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

சாக்குகளை அவிழ்த்து வெளிச்சம் வந்ததும் மயூரி மிஸ் மைக்கோடு முன்னால் வந்தார்.

"மனசில பட்டதைச் சொல்லுங்கோ. சரி, பிழை எண்டு ஒண்டும் இல்லை."

முதலில் பாலர் பாடசாலை ஆசிரியை றஷீனா எழுந்தார். அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் ஒரு திறமை ஒளிந்திருக்கும், அதைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்பதைப் படம் அழகாகக் காட்டியது என்றார். கை தட்டினார்கள். ஒரு பெண், அம்மா செத்துப் போகிற இடத்தில் தன்னால் தாங்க முடியவில்லை என்றாள். பிறகு மாடசாமி எழுந்தார். முன்னாள் கங்காணி. வயதாகியும் குரல் குறையாதவர்.

"எனக்கு அந்தத் தம்பிக்காரனத்தான் புடிக்கல. கூடப் பொறந்தவன மாட்டப் பூட்டுற மாதிரி பூட்டிட்டுப் போறான். கடைசியில அழுதா சரியாயிருமா? அவனெல்லாம் மனுசனா?"

இந்தத் தடவை கைதட்டல் பலமாக இருந்தது. ஜீவன் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

மைக் ரெங்கம்மாவிடம் போனது. அவள் பக்கத்துக் காம்பராவில், ஜீவனுக்கு அடுத்த அறையில், இருப்பவள். ஒரே சுவர். எழுந்து நின்றவள் வாயைத் திறந்தாள், திரும்பி ஜீவனைப் பார்த்தாள். அவன் குனிந்துகொண்டான்.

"நல்ல படம்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தான். அப்போது மாடசாமி திரும்பவும், "நம்ம ஜீவன் பேசட்டும். அவன் வீட்லயும் ஒருத்தன் இருக்கான்ல" என்றார். கை மாறி மாறி மைக் கடைசி வாங்குக்கு வந்து சேர்ந்தது.

வேண்டாம் என்று சொல்லத்தான் எழுந்தான். ஆனால் வந்தது வேறு.

"எங்கண்ணனுக்குப் படம் வரையத் தெரியாது. பாட்டுத் தெரியாது, கணக்குத் தெரியாது. தேடிப் பாத்துட்டேன். ஒன்னும் இல்ல. அவன் சும்மா அண்ணன். அவ்வளவுதான்."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். அவன் நிறுத்தவில்லை.

"மாடசாமி மாமா சொன்ன ஆளு நாந்தான். ரெண்டு வருசமா பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போறேன். இப்பவும் பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்."

முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தப் படத்துல வீடு தனியா நிக்கிது. கதவத் தட்டுனா கேக்க ஆளில்ல. நம்ம லயத்துல பன்னெண்டு காம்பரா. அவன் தட்டுறது கடைசிக் காம்பரா வரைக்கும் கேக்கும். கேக்கலன்னு யாராச்சும் சொல்லுங்க பாப்போம்."

மைக்கை வாங்கில் வைத்தான். மயூரி மிஸ் பேச்சை வளர்க்கவில்லை.

"பூட்டி எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணிநேரத்துக்கு மேல இருக்கும் மிஸ்."

"வாங்கோ, போவம்."

அவன் முன்னால் நடந்தான். மிஸ்ஸும் ரெங்கம்மாவும் பின்னால் வந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது மாடசாமியோடு இன்னும் ஏழெட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்கவா, அடிக்கவா என்று அவனுக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் பார்த்திருக்கப் பூட்டைத் திறந்தான். திறவுகோல் இரண்டு தடவை வழுக்கியது.

உள்ளே ரமேஸ் இல்லை.

பின்பக்கம், சமைக்கும் குசினியில், ஆணியடித்திருந்த தகரம் வெளிப்பக்கமாக வளைந்து கிடந்தது. அதன் விளிம்பில் ரத்தம்.

ஜீவன் ஓடினான். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ரயில் பாதைக்கு இறங்கும் குறுக்கு வழியில் இரண்டு இடத்தில் விழுந்தான். பாதி தூரத்தில் எல்ல ஸ்டேசன் பக்கமிருந்து ரயில் ஊதியது. அந்த மலையில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நிதானிக்க முடியாது. பக்கத்திலும் இருக்கலாம், இரண்டு வளைவு தள்ளியும் இருக்கலாம்.

ரமேஸ் பாதையில்தான் இருந்தான். குப்புறப் படுத்து, ஒரு காதைத் தண்டவாளத்தில் வைத்திருந்தான்.

"டேய், எந்திரிடா" என்று மேலேயிருந்து மாடசாமி கத்தினார். கூட வந்தவர்களும் கத்தினார்கள். ரமேஸ் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, தண்டவாளங்களுக்கு நடுவே உடம்பைச் சுருட்டிக்கொண்டான்.

"கத்தாதீங்க" என்றான் ஜீவன். "கையெடுத்துக் கும்புடுறேன். கத்துனா எந்திரிக்க மாட்டான்."

எல்லாரும் அடங்கினார்கள். ஜீவன் மட்டும் இறங்கிப் போனான். இழுத்தால் அண்ணன் இன்னும் இறுகிவிடுவான். அவனைத் தூக்கும் பலம் தனக்கில்லை என்பதும் தெரியும். அம்மா அவனை ஒருநாளும் இழுத்ததில்லை. முதுகில் உள்ளங்கையை வைத்து நன்றாக ஒரு அழுத்து அழுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடப்பாள். ஜீவன் அதைப் பார்த்திருக்கிறானே தவிரச் செய்து பார்த்ததில்லை.

குனிந்து அண்ணனுடைய முதுகில் கையை வைத்து அழுத்தினான். ஈரச் சட்டைக்குள் உடம்பு விறைத்திருந்தது. எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினான். தண்டவாளம் மெல்ல அதிரத் தொடங்கியிருந்தது. நாலு அடி. ஐந்து அடி. கழுத்து திரும்பத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கரையில் ஏறினான். மேலே நின்றவர்களின் முகங்களைத்தான் பார்க்க முடிந்தது. ரெங்கம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

அவள் முகம் மாறியது. பின்னால் சரளைக்கல் நெரிபட்டது. பிறகு அவனுடைய சட்டையின் பின்புறத்தை ஒரு கை பிடித்துக்கொண்டது. அந்தக் கையில் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

வளைவில் ரயில் வந்து, அவர்களைக் கடந்து போனது. ரமேஸ் கண்ணை மூடி, வாயைத் திறந்து, அந்த அதிர்வு முழுவதையும் உடம்பில் வாங்கிக்கொண்டு நின்றான். ஜீவன் கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் ரமேசின் கையில் ஆறு தையல் போட்டார்கள். மயூரி மிஸ் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பண்டாரவளையில் பகல் நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்று இருப்பதாகவும், கிழமையில் இரண்டு நாளைக்கு இடம் கேட்பதாகவும் சொன்னார். மற்ற நாட்களுக்கு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜீவன் கதவைத் திறந்தபோது மாடசாமி வெளியே நின்றார். முந்தின நாள் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நான் சும்மாதானே இருக்கேன். நீ ஸ்டோருக்குப் போ."

ரெங்கம்மாதான் அழுதாள். "ரெண்டு வருசமா சுவத்துக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன் தம்பி. ஏன் பூட்டுறன்னு கேட்டா, அப்ப நீயே பாத்துக்கன்னு சொல்லிருவியோன்னு பயம்."

"சொல்லியிருப்பேன் அக்கா" என்றான் ஜீவன்.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மாடசாமி பகலில் கண்ணயர, ரமேஸ் இரண்டு தடவை இறங்கிப் போய்விட்டான். இரண்டு தடவையும் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கண்டு கூட்டி வந்தார்கள். ஊமையனுக்குக் காவல் இருக்கவா நாங்கள் பிறந்தோம் என்று கடைசிக் காம்பராவில் ஒருத்தி சண்டை பிடித்தாள். நிலையத்தில் இடம் கிடைக்க நாலு மாதம் ஆனது.

இடையில் மாடசாமி ஒரு வழி கண்டுபிடித்தார். அவன் எப்படியும் ரயிலுக்குப் போவான், போகாதே என்று சொல்லி ஆகாது, அதனால் தானே கூட்டிப் போய்விடுவது. இப்போது நிலையத்துக்குப் போகாத நாட்களில் பத்து மணிக்கு இருவரும் கரைக்கு மேலே ஒரு கல்லில் உட்காருகிறார்கள். ரயில் போன பிறகு எழுந்து வருகிறார்கள். முதுகில் அழுத்தும் வித்தையை ஜீவன் அவருக்கும் ரெங்கம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறான். மாடசாமிக்கு அது பாதி நாள்தான் பலிக்கிறது.

போன கிழமை ஸ்டோர் விட்டு வந்த ஜீவனை மாடசாமி வழியிலேயே மறித்தார். சேறு முழங்கால் வரை அப்பியிருந்தது.

"ஐப்பசி மழை தொடங்கிருச்சுடா. அந்தக் கரை சரியும். அவன் மழைன்னு பாக்க மாட்டான். என்ன பண்ணப் போறோம்?"

இருவரும் லயத்து வாசலில் உட்கார்ந்து அதைப் பேசத் தொடங்கினார்கள். ரெங்கம்மா தேத்தண்ணியோடு வந்து சேர்ந்துகொண்டாள்.