முருங்கை மரத்து அநாதை

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு முருங்கைக்கு ஒரு மரங்கொத்திக் குஞ்சு வந்து போய்க்கொண்டிருந்தது. குஞ்சு என்று முடிவு செய்தவன் நான். பொன் முதுகும் சிவப்புக் கொண்டையுமாக, மைனாவைவிடப் பெரிதாக இருப்பதுதான் மரங்கொத்தி என்பது என் கல்வி. இதுவோ சிட்டுக்குருவி அளவு. பழுப்புத் தலை, முதுகில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள். கொண்டை இனிமேல் முளைக்கும் என்று கணித்தேன். 'கிர்ர்ர்ர்' என்று மெல்லிய குரலில் நடுங்கி நடுங்கிக் கூப்பிடும். தாயைத் தேடி அழுகிறது என்று மனைவிக்கு விளக்கினேன். அவள் பப்பாளித் துண்டு வைத்தாள், காக்கை தின்றது.

பறவைப் புத்தகம் அலமாரியில் இருந்தது. தெரியாதவர்கள்தானே அதைப் பார்க்க வேண்டும்?

காய்ப்பு ஓய்ந்ததும் முருங்கையை மொட்டையடிப்பது எங்கள் தெரு வழக்கம். எங்கள் மரத்தில் காய்ந்த கிளை ஒன்று சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு மல்லாட்டை (நிலக்கடலை) வியாபாரியின் புது வண்டிக்கு மேலே சாய்ந்திருந்தது. ஒரு ஞாயிறு காலை அவரே சுவரில் ஏணியைச் சாய்த்து ஏறினார். அரிவாள் எங்களுடையது.

"சார், உங்க குஞ்சு இன்னா பண்ணும்?"

"அநாதைக்கு ஏதுங்க வீடு? எங்கனா போய்க்கும். வெட்டுங்க," என்றேன் பெருந்தன்மையாக.

அரிவாள் ஓங்கியது. 'கிர்ர்ர்ர்'. அநாதை பறந்து வந்து அந்தக் கிளையிலேயே ஒட்டிக்கொண்டது. அலகில் புழு. கிளையின் அடிப்பக்கத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு பொந்து. அதற்குள் தலையை விட்டதும் உள்ளே கீச்சுகீச்சென்று பல குரல்கள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. "இறங்குங்க! இறங்குங்க!" நான் கத்திய கத்தலில் அவர் ஏணியோடு ஆடிப்போனார்.

"இன்னா சார், பாம்பா?"

மனைவி ஓடி வந்து அண்ணாந்து பார்த்தாள். "ஏங்க, உங்க குழந்தைக்குக் குழந்தை பொறந்து, அதுக்குச் சோறு ஊட்டிக்கினு இருக்குது. நீங்க இன்னும் அதுக்கு அம்மாவைத் தேடிக்கினு இருக்கீங்க."

உள்ளே ஓடிப் புத்தகத்தைத் திறந்தேன். பொன்முதுகுக்காரருக்கு முந்தைய பக்கத்தில் இது தனி இனமாகவே இருந்தது: வளர்ந்தாலும் அவ்வளவுதான் உயரம். அந்த நடுங்கும் குரல்தான் அதன் குரல். ஆணுக்குக் கண்ணுக்குப் பின்னால் சின்னச் சிவப்புக் கீற்று. வெளியே போய்ப் பார்த்தேன். கீற்று இருந்தது. குடும்பஸ்தர்.

"அப்போ என் வண்டி?" என்றார் வியாபாரி, ஏணியிலிருந்தபடியே. "கெளை விழுந்தா?"

அவர் வண்டி இப்போது எங்கள் போர்டிகோவில் நிற்கிறது. என் ஸ்கூட்டர் கிளைக்கடியில். காற்று பலமாக அடித்தால் எழுந்து வெளியே ஓடுகிறேன். ஸ்கூட்டருக்காக என்று அவர் நினைத்துக்கொள்கிறார்.