டுரியான் பிடிக்காதவருக்கு ஓர் இலை

மலாக்காவில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது என்பார்கள். வருஷம் பூராவும் ஒரே வெயில், நடுவில் மழை. ஆனால் காஜா பேராங்கில் இருந்த தெய்வானைக்குக் கோடை உண்டு. அது மூக்கு வழியாக வரும். ஆனி மாதத்தில் ஒரு காலை, புக்கிட் ரம்பாய்ப் பக்கத்திலிருந்து யாராவது ஒருவருடைய சைக்கிள் கூடையில் முதல் டுரியான் ஊருக்குள் நுழையும். அன்றைக்குத்தான் அவளுக்கு வருஷப் பிறப்பு. "வந்துருச்சுடி" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். அடுப்பிடம்தான் சொல்ல முடியும். புருஷனிடம் சொல்ல முடியாது.

புருஷன் சேதுபதி தபால்காரர். எந்த வீட்டு நாயும் அவரைக் கண்டால் வாலாட்டும். போலீஸ் வீடு, கெட்ட பெயர் வாங்கிய வீடு, எதற்குள்ளும் தயங்காமல் போய்க் கடிதம் கொடுப்பார். டுரியான் உடைத்திருக்கும் வீட்டுக்கு மட்டும் வாசலில் நின்றே மணியடிப்பார். "பழமா அது? செத்த எலியச் சர்க்கரைப் பாகுல முக்கி எடுத்த மாதிரி" என்பார்.

தெய்வானையோ டுரியான் மரத்தடியில் வளர்ந்தவள். அவள் அப்பா நல்லையா ரம்பாய் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். பழக் காலத்தில் விடியுமுன் 'தொப்'பென்று சத்தம் கேட்டால், படுத்தபடியே எந்த மரம் என்று சொல்லிவிடுவார். மகள் பிறந்த தேதியைக் கேட்டால் மட்டும் தலையைச் சொறிவார். மகள் அந்த வருத்தத்தை மறக்கும்படி முதல் பழத்தின் முதல் சுளையை அவள் வாயில்தான் வைப்பார்.

கல்யாணமான முதல் வருஷம், பக்கத்து வீட்டில் உட்கார்ந்து ஒரு பழத்தை ஒழித்துவிட்டு, ஓட்டிலேயே தண்ணீர் ஊற்றிக் குடித்தால் வாடை போய்விடும் என்ற ஊர் நம்பிக்கையில் நாலு ஓடு தண்ணீரும் குடித்துவிட்டு வந்தாள் தெய்வானை. சேதுபதி வாசலில் சைக்கிளை நிறுத்தினார், மூக்கைத் தூக்கினார், பாயைச் சுருட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போனார். மூன்று ராத்திரி வரவில்லை. பிறகு இரண்டு பேருக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. வீட்டுக்குள் டுரியான் வராது. வெளியே அவள் என்ன செய்கிறாள் என்று அவர் கேட்க மாட்டார். அவரால் கேட்காமல் இருக்க முடிந்ததில்லை.

"எத்தனை சுளை?"

"ரெண்டு."

"ஏழு இருக்கும்."

பத்தொன்பது வருஷத்தில் அவர் கணக்கு ஒருமுறைகூடத் தப்பவில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் மாசி மாதம், தோளில் கடிதப் பையோடு சாலையோரம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பையில் மீதமிருந்த கடிதங்களை வேறொருவர் கொண்டுபோய்க் கொடுத்தார். தெய்வானை பெரிதாக அழவில்லை என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். அவள் அழுவதை அவர்கள் நேரம் பார்த்து வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனி வந்தது. முதல் டுரியான் வாசனையும் வந்தது. அதோடு பார்ச்சுவும் வந்தது.

சேதுபதி மலாக்காச் செட்டி வம்சம். பல நூறு வருஷத்துக்கு முன்பே வந்து, சாமியைத் தமிழிலும் சண்டையை மலாயிலும் வைத்துக்கொண்ட ஜனங்கள். பழக் காலத்தில் வீட்டில் செத்துப்போனவர்களை விருந்துக்கு அழைப்பார்கள். அதுதான் பார்ச்சு. முன்கூடத்தில் வாழை இலைகளை ஒற்றைப்படையில் போட்டு, யார் யாருக்கு என்ன பிடிக்குமோ அதையெல்லாம் படைத்து, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வந்தவர்கள் சாப்பிடும்போது உயிரோடிருப்பவர் யாரும் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து மூன்று முறை தட்டிவிட்டு உள்ளே போகலாம்.

சேதுபதிக்கு இது முதல் பார்ச்சு. அவர் அக்கா வடிவாம்பாள் புருஷனோடும் நாலு டுரியானோடும் வந்து இறங்கினாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை. தம்பி பெண்டாட்டிக்காக மலாய்க்கு நடுவில் தமிழைத் தேடித் தேடிப் பேசுவாள்.

"இந்த வருசம் மெர்டேக்காலா, சொதந்திரம். பெருசா செய்யணும்."

"வெள்ளைக்காரன் போறதுக்கும் உங்க அப்பா வர்றதுக்கும் என்னங்க அண்ணி சம்பந்தம்?" என்றாள் தெய்வானை. "அது கெடக்கட்டும். இந்தப் பழம் வேணாம். அவரு உள்ள வர மாட்டாரு."

"அப்பாவுக்கு டுரியான் இல்லாம பார்ச்சுவா? தா போலே! கூடாது! அப்பா கோவிச்சா என் வீட்டுக்குத்தான் வருவாரு, ஒன் வீட்டுக்கு இல்ல."

அப்பா என்றால் மீனாட்சிசுந்தரம், தெய்வானையின் மாமனார். ஜப்பான்காரன் காலத்தில், டுரியான் கிடைக்காத மாதத்தில் டுரியான் கேட்டுக்கொண்டே செத்தவர். உயிரோடிருந்தபோது அவர் தன் வீட்டுக் கூடத்தில் பழம் உடைத்தால் மகன் கொல்லைக்குப் போய்விடுவார். இப்போது இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்கார வைக்க வேண்டும்.

"செத்த ஆளுக்கு மூக்கு எங்க இருக்கு, தெய்வானை?"

"மூக்கு இல்லாதவங்களுக்கு எதுக்கு அண்ணி இவ்வளவு சாம்பிராணி?"

வடிவாம்பாள் சாம்பிராணிப் பொட்டலத்தைத் தள்ளி வைத்தாள். அவள் புருஷன் கலியாணசுந்தரம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார். சிரிப்பை இருமலாக்கித்தான் அவர் இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியிருந்தார்.

தெய்வானைக்கு இது வாய்ச்சண்டை இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவைதான் அழைப்பு. அடுத்தது தை பிறப்பதற்கு முதல் நாள். முதல் தடவையே வாசலோடு திருப்பி அனுப்பினால், ரோஷக்காரர், மறுபடி வருவாரா? மூன்று ராத்திரி கோயில் மண்டபத்தில் படுத்த மனுஷன்.

"அவரு இலைய மட்டும் அடுக்களையில போடுறேன்."

"கூடத்துல அஞ்சு. ஒண்ணு எடுத்தா நாலு. இரட்டைப்படை! யாரும் வர மாட்டாங்க!"

தெய்வானை கொஞ்சம் யோசித்தாள். "எங்க அப்பாவுக்கு ஒண்ணு போட்டுடுவோம். அஞ்சு ஆயிடும்."

மருமகள் வீட்டுச் சாவுக்கு அந்த வீட்டில் இலை போட்டதாக வரலாறே இல்லை. அதுவும் தோட்டத்தில் பால் வெட்டியவருக்கு.

"நல்லையாவுக்கு டுரியான் பிடிக்குமா?" என்று கேட்டார் கலியாணசுந்தரம்.

"பிடிக்குமாவா? நீங்க ஒரு பழத்தக் கீழ போடுங்க. மேலேருந்தே எந்த மரம்னு சொல்லிடுவாரு."

"அப்ப நம்ம மாமாவுக்குத் துணையாச்சு" என்றார் அவர். வடிவாம்பாள் முறைத்தாள். ஆனால் ஐந்தாவது இலையை அவளே துடைத்துப் போட்டாள்.

மாலை நாலு மணிக்கு எல்லாம் தயார். கூடத்தில் ஐந்து இலை, நடுவில் உடைத்த டுரியான். அடுக்களையில் ஒரு முறத்தின் மேல் ஓர் இலை. அதில் சோறு, வறுத்த மீன், மங்குஸ்தீன், பற்றவைத்த ஒரு சிகரெட், பக்கத்தில் பாலில்லாத காப்பி. கதவைச் சாத்திவிட்டு மூன்று பேரும் தெருவில் வந்து நின்றார்கள். வெயில் இன்னும் தணியவில்லை. தார் ரோடு காலைச் சுட்டது.

அப்போதுதான் தெய்வானைக்கு உறைத்தது. தெருவில் நிற்கிற அவள் மூக்கிலேயே டுரியான் ஏறுகிறது. கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். அடுக்களை எந்த மூலைக்கு?

"வயித்தக் கலக்குது" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் நடந்தாள். இந்த ஊரில் யாராலும் தடுக்க முடியாத ஒரே காரணம் அதுதான்.

பின்கதவுக்கு முன்னால் நின்று கண்ணை இறுக மூடினாள். பார்க்கக் கூடாது என்பதுதானே சட்டம்? நடக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கையால் துழாவி உள்ளே போனாள். அம்மிக் குழவியில் கால் விரலை இடித்துக்கொண்டு, வாயில் வந்ததைப் பாதியில் விழுங்கினாள்.

"நாந்தான். கண்ணு மூடியிருக்கேன். நீங்க பாட்டுக்கு இருங்க. எடத்த மாத்துறேன், அவ்ளோதான்."

இலையை முறத்தோடு தூக்கிக்கொண்டு குருடியாகவே வெளியே வந்தாள். கிணற்றுக்கு அந்தப் பக்கம், எதிர்காற்று அடிக்கும் இடமாக முகத்தால் தேடிக் கண்டுபிடித்து இறக்கினாள். இன்னொரு தடவை போய்க் காப்பியை எடுத்து வந்தாள். பாதி அவள் சேலையில் கொட்டியது. இலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அங்கே டுரியான் வாடை இல்லை. சிகரெட் வாடை மட்டும் இருந்தது. நாலு மாதமாக அந்த வீட்டில் இல்லாத வாடை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதால் இனிக் கண்ணைத் திறந்தாலும் இலை தெரியாது. அவள் திறக்கவில்லை.

எவ்வளவு நேரமோ தெரியாது. செருப்புச் சத்தம் கேட்டது. வடிவாம்பாள் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். கிணற்றடி, முறம், முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் தம்பி பெண்டாட்டி, காப்பிச் சேலை, எல்லாவற்றையும் பார்த்தாள். திட்டுவதற்காக இழுத்த மூச்சு பாதியில் நின்றது. சட்டென்று அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வந்தானா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பாக்கல அண்ணி."

"சிகரெட்டு?"

"எரிஞ்சு முடிஞ்ச மாதிரி இருக்கு."

வடிவாம்பாள் தடவித் தடவி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள். "எனக்குத் தம்பி அவன் ஒருத்தன்தான்" என்று மலாயில் சொன்னாள். தெய்வானை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வெயிலைப் பார்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

முன்பக்கம் கலியாணசுந்தரம் கதவை மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டது.

தெய்வானை எழுந்து சேலையை உதறினாள். திரும்பாமலே சொன்னாள்:

"சாப்பிட்டாச்சுல்ல? அப்பக் கெளம்புங்க. தைக்கு வாங்க. நான் உள்ள போயி டுரியான் சாப்பிடப் போறேன். எத்தன சுளைன்னு கேக்காதீங்க."