இளவரசன் வீடு திரும்பிய நாள்

தொலைக்காட்சியில் ஒரு நாயகன் மூலிகை தேடி மலையேறிக்கொண்டிருந்தான். "எல்லாம் ஒரே கதைதாம்மா. போவான், சண்ட போடுவான், கொண்டுட்டு வருவான்," என்றாள் மகள்.

நான் சிறுமியாக இருந்தபோது கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கூடத்தில் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் அத்தையும் தீப்பெட்டிக்கூடு ஒட்டுவார்கள். மைதாப் பசையின் புளித்த வாடை என் பள்ளிக்கூடப் பாவாடையில்கூட இருக்கும். அலுப்புத் தெரியாமல் இருக்க அத்தை கதை சொல்லுவாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே கதை: தாயின் நோய்க்கு மருந்து தேடி ஏழு மலை தாண்டிப் போகும் இளவரசன். அம்மா அதைக் காதில் வாங்கவே மாட்டாள்.

மழை பொய்த்துப் பருத்தி கருகிய வருஷம் அண்ணன் வேலை தேடி பம்பாய்க்குப் போனான். ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. ஒருநாள், கதையில் இளவரசன் அரக்கனின் குகைக்குள் நுழைந்தபோது அம்மாவின் கை நின்றுவிட்டது.

"மதினி, அவன் திரும்பி வந்துருவாம்லா?"

நூறு தடவை கேட்ட கதை. அத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அரக்கனோடு நடக்கும் சண்டையை அப்படியே விட்டுவிட்டாள். "வராம எங்க போவான்? இந்தா, வாசல்ல வந்து நிக்காம்லா," என்றாள்.

பொங்கலுக்கு அண்ணன் வந்தான், மெலிந்து, தாடியோடு. மறுநாள் அத்தை கதையை ஆரம்பித்ததும் அம்மா சொன்னாள்: "இதையே எத்தன தடவ சொல்லுவிய மதினி?"

"அணைச்சிரவாம்மா?" என்றாள் மகள், ரிமோட்டை எடுத்துக்கொண்டு.

"இரு, அவன் வீடு வந்து சேரட்டும்," என்றேன்.