விளக்குச் சரத்தில் ஓர் இஸ்திரிப் பெட்டி

மெர்டேக்காவுக்கு, மலாயா சுதந்திரம் பெற்ற நாளுக்கு, முந்திய நாள் மாலை. மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் சந்து முனையில் தென்னங்குருத்தால் வளைவு கட்டியிருந்தார்கள். விளக்குப் பொறுப்பு என் அண்ணனுடையது. பஸ் பட்டறையில் வேலை பார்த்த அவர், பழைய பஸ்களில் கழற்றிய பன்னிரண்டு வோல்ட் பல்புகளைக் கேட்டு வாங்கி வந்து, பத்து பல்புகளை வரிசையாக ஒரே ஒயரில் கோத்திருந்தார்.

எங்கள் வீட்டிலிருந்து கரண்ட் கொடுத்ததும் வளைவு கண் கூச எரிந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் அணைந்தும் விட்டது. ஒரு பல்பு கருகிவிட்டதால் வரிசை முழுக்க இருட்டு. மாற்றுவதற்கு அண்ணனிடம் மிச்சம் இருந்தது ஒரே பல்பு.

"இதுக்கு மண்ணெண்ணெய் விளக்கே வச்சிருக்கலாம் லா!" என்று யாரோ சிரித்தார்கள். அண்ணன் முகம் சுருங்கிப்போனது.

நான் அப்போது சீனியர் கேம்பிரிட்ஜ் மாணவி. பௌதிக வகுப்பில் ஒரே பெண். கரண்ட்டைப் படித்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்காத உறவினர் இல்லை.

"அண்ணே, இருங்க. பத்து பல்புக்கும் சேர்த்து நூத்திருபது வோல்ட்தான் வேணும். வீட்டு கரண்ட் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. மிச்சத்தத் தாங்குற மாதிரி இன்னொரு சாமான் அதே வரிசையில வேணும்."

"என்னா சாமான்மா?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. சிமெண்ட் தரையில் கரித்துண்டால் கணக்குப் போட்டேன். நூற்றுப் பத்து ஓம் மின்தடை வந்தது. பள்ளியிலென்றால் விடையின் கீழே கோடு போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். இங்கே அந்த நூற்றுப் பத்தைக் கையில் எடுத்து வர வேண்டுமே! வீட்டுக்குள் ஓடினேன். மின்சாரச் சாமான் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியின் தகட்டில் இருந்த வோல்ட், வாட்டை வைத்துக் கணக்கிட்டபோது, ஏறக்குறைய அதே எண்!

"அடியே, அப்பா ஆசையா வாங்குனது, எரிஞ்சிட்டா?" என்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிய என் பின்னாலேயே அம்மா ஓடி வந்தார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ சொன்னா சரிதான்மா," என்று இஸ்திரிப் பெட்டியைச் சரத்தோடு இணைத்தார். கடைசிப் பல்பையும் மாட்டினார். அவர் ஸ்விட்சில் கை வைத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். பத்து பல்பும் இதமாக எரிந்துகொண்டிருந்தன.

வளைவின் கீழே செங்கல் மேல் வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியை, மலாய் பேசும் பக்கத்து வீட்டு சிட்டி அக்கா தொட்டுப் பார்த்தார். "பானாஸ்!" என்று விரலை உதறினார். சூடாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனவர் கணவரின் சட்டையோடு திரும்பினார். அவ்வளவுதான், மறுநாள் போடும் துணிகளோடு சந்தே திரண்டுவிட்டது. "தள்ளாம வாங்க, எல்லாருக்கும் தேய்ச்சித் தரேன்!" என்று அண்ணன் செங்கல் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

பிறகு எத்தனையோ பரீட்சைகள் எழுதினேன். பல வருஷம் பௌதிகமும் கற்பித்தேன். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கேள்வியும் கேட்காமல் அண்ணன் என் கணக்கை நம்பினாரே, அதைவிடப் பெரிய மதிப்பெண் எனக்கு இதுவரை யாரும் போடவில்லை.