மணல் மேட்டிலிருந்து கம்பம்மெட்டுக்கு

மதுரை விமான நிலையத்தில் என் பெட்டி கடைசியாகத்தான் வந்தது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான அட்டைப்பெட்டி. சுங்கத்தில் நின்றவர் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, "டிவியா?" என்றார். சைக்கிள் என்றேன். நம்பாமல் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தார். சக்கரத்தின் கம்பிகளைக் கண்டதும் சிரித்துக்கொண்டே போகச் சொல்லிவிட்டார்.

வெளியே அண்ணன் அருள் குட்டி யானை லாரியோடு நின்றிருந்தான். விடிகாலையில் திராட்சையை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, காலி வண்டியோடு அப்படியே என்னைக் கூட்டிப்போக வந்திருந்தான். பின்னால் கிடந்த காலிப் பெட்டிகளுக்கு நடுவே சைக்கிளைப் படுக்க வைத்துக் கயிறு கட்டினோம்.

"ஏத்தா பிலோமி, அம்புட்டுத் தூரத்துலருந்து இதத் தூக்கிட்டு வரணுமா? இங்கன சைக்கிள் கெடைக்காதா?"

"இது மலை ஏறுறதுக்குன்னு வாங்குனதுண்ணே."

"நம்ம ஊர்ல மலைக்கு ஜீப்புல போவாக."

உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாய் இறங்கியதும் மலைகள் தெரிய ஆரம்பித்தன. இருபது வருடமாக லீவுக்கு வரும்போதெல்லாம் இந்த இடத்தில் ஊர் வந்துவிட்டது என்று மட்டும் நினைப்பேன். இந்த முறை கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எந்த மடிப்பில் சாலை ஏறுகிறது என்று தேடினேன். தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று பள்ளத்தாக்கு நீண்டது. மேற்கே தொடர்ந்து ஒரே மலைச்சுவர். என்னுடைய ஊரான ராயப்பன்பட்டிக்குள் நுழையும்போது மதியமாகிவிட்டது.

நான் வேலை பார்ப்பது அபுதாபியின் மேற்குப் பகுதியில், மதீனத் சாயத் என்ற பாலைவன ஊரில். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே கட்டப்பனைக்காரி லிஸ்ஸியும் நானும் ஒரே வார்டில் ஒன்பது வருடம் இருந்தோம். முதலில் சைக்கிள் வாங்கியது அவள்தான். முழங்கால் வலிக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். அவள் போகிறாளே என்று நானும் வாங்கினேன். ஒரு வருடத்தில் வலி மறந்துபோய், மலை ஏற வேண்டும் என்ற ஆசை மட்டும் மிச்சமாகிவிட்டது.

ஆனால் அந்தப் பாலைவன ஊரில் மலை கிடையாது. தண்ணீர் கொட்டினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கும் அளவுக்குச் சமதரை. நெடுஞ்சாலைக்கு மேல் போகும் பாலத்தில் ஏறினோம், இறங்கினோம், மறுபடி ஏறினோம். கார் நிறுத்தும் கட்டடத்தின் சுழல்பாதையில் ஏறப்போய் காவலாளி துரத்தினார். ஒருநாள் லிவா பக்கம் போனபோது, பெரிய மணல் மேடுகளின் முதுகில் ஏறி இறங்கிப் போகும் ஒரு தார்ச்சாலை கண்ணில் பட்டது. அன்றைக்கு லிஸ்ஸி ரோட்டோரம் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கைதட்டினாள். அதன்பிறகு இருவருக்கும் சேர்ந்து லீவு கிடைத்த நாளெல்லாம் அங்கேதான். சில நாள் காற்று மணலைக் கொண்டுவந்து பாதி ரோட்டை மூடியிருக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவோம். ஃபிளாஸ்கில் இருக்கும் பால் விடாத கட்டஞ்சாயாவை மணலில் உட்கார்ந்து குடித்தபடி, எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் நிற்கும் மலையைப் பற்றிப் பேசுவோம். மலைக்கு அந்தப் பக்கம் அவள் ஊர், இந்தப் பக்கம் என் ஊர். பிறந்த இடத்தில் மலையைச் சும்மா விட்டுவிட்டு, மணலில் வந்து மலை தேடுகிறோமே என்று சிரிப்போம்.

அல் அய்ன் ஊருக்குப் பக்கத்தில் ஜெபல் ஹஃபீத் என்று நிஜமான மலை ஒன்று உண்டு. மூன்று மணி நேரக் கார்ப் பயணம். ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போய் ஏறுவது என்று முடிவு செய்திருந்தோம். புதன்கிழமை லிஸ்ஸிக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. அவள் கணவர் ஜோயிச்சன் மிளகு பறிக்கும் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். முதுகெலும்பில் அடி. அடுத்த விமானத்தில் கிளம்பினாள். பிறகு வேலையை விட்டுவிட்டாள். சைக்கிளை விற்றுத் தரச் சொன்னாள், விற்றுக் கொடுத்தேன். ஹஃபீத்துக்கு நான் தனியாகப் போனேன். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் கால் நடுங்கி, தரையில் ஊன்றிவிட்டேன். மிச்சத் தூரம் கூட வந்தவர்களின் காரில்தான்.

இந்த லீவில் ஒரு மலையையாவது காலை ஊன்றாமல் ஏறிவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பெட்டி கடல் தாண்டி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லோயர் கேம்ப் போனேன். அங்கிருந்து குமுளி ஏழு கிலோமீட்டருக்குள்தான். சரிவும் நல்ல சரிவு. ஆனால் பஸ், லாரி, சுற்றுலா வேன், மறுபடி பஸ். மூன்றாவது வளைவில் ஒரு பஸ்ஸின் கண்ணாடி என் தோளை உரசுகிற மாதிரி போனது. மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் ஓரமாக நின்றுவிட்டு, திரும்பிவிட்டேன். லோயர் கேம்ப் டீக்கடையில் டீ பன்னிரண்டு ரூபாய். கடைக்கார அம்மா என் தலைக்கவசத்தையும் வேர்வையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏத்தா, குமுளிக்குத்தான் நிமிசத்துக்கு ஒரு பஸ் போகுதே. ஒனக்கு எதுக்கு இந்தச் சீரழிவு?"

சொல்லிப் புரிய வைக்க முடியவில்லை. "டாக்டர் சொன்னாகம்மா" என்று பொய் சொன்னேன். உடனே பரிதாபப்பட்டு ஒரு பன் எடுத்துக் கொடுத்துவிட்டு, அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை மேகமலை. சின்னமனூரிலிருந்து அடிவாரம் வரை சைக்கிளிலேயே போனேன். வனத்துறைச் சோதனைச்சாவடியில் இருந்த இளைஞர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"தனியா விட முடியாதுக்கா. முந்தாநேத்து ரோட்டுலயே யானை நின்னுச்சு. கார்ல வந்தவகளையே திருப்பி அனுப்பிட்டாக."

"கொஞ்ச தூரம் போயிட்டு வந்துர்றேனே?"

"யானைக்குக் கொஞ்ச தூரம், நெறைய தூரம்னு தெரியுமாக்கா?"

திரும்பும் வழியில் காற்று முகத்தில் அடித்தது. ஆடி போய் ஆவணி பிறந்தும் எங்கள் பள்ளத்தாக்கில் காற்று அடங்கவில்லை. தென்னை மட்டைகள் எல்லாம் கிழக்கே சாய்ந்து கிடந்தன. உத்தமபாளையம் வரை குனிந்த தலை நிமிரவில்லை. அனுமந்தன்பட்டி விலக்கு அருகே வந்தபோது, சட்டென்று லிவா ரோட்டின் நினைவு வந்துவிட்டது. அங்கே எதிர்க்காற்று அடிக்கும்போது லிஸ்ஸி முன்னால் போவாள், நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வேன். கொஞ்ச நேரம் கழித்து நான் முன்னால் போவேன். பேச்சே இருக்காது. பிறந்த மண்ணில், பச்சை வயலுக்கு நடுவே நின்றுகொண்டு, அந்த மொட்டை மணலையே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

அன்று சாயங்காலம் லிஸ்ஸிக்குப் போன் செய்தேன். குமுளியையும் யானையையும் சொன்னேன்.

"எடீ, கம்பம்மெட்டு வழி வா" என்றாள். "காலையில வண்டி குறைவு. ஞான் பஸ்ல வந்து மேல நிக்கறேன். ஒன்ன பார்க்கணும். ஆனா பத்தரைக்குள்ள வீட்ல இருக்கணும். ஜோயிச்சனைத் திருப்பிப் படுக்க வைக்கணும், மருந்து கொடுக்கணும்."

வியாழக்கிழமை விடிவதற்கு முன் காமயகவுண்டன்பட்டி வழியாகக் கம்பம் வந்தேன். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறக்குறைய பதின்மூன்று கிலோமீட்டர். முதலில் தோப்புகள், திராட்சைக் கொடிப் பந்தல்கள். பிறகு காடு ஆரம்பிக்கிறது. சாலை குறுகி, வளைந்து, ஏற ஆரம்பிக்கிறது. கியரைக் கடைசிப் பல்லுக்கு மாற்றிக்கொண்டு, கண்ணை முன் சக்கரத்துக்கு இரண்டு முழம் தள்ளி வைத்துக்கொண்டேன். மணல் மேட்டில் ஏற்றம் ஒரு நிமிடம், அடுத்தது இறக்கம். இங்கே இறக்கமே வரவில்லை. வளைவு திரும்பினால் இன்னொரு ஏற்றம். அது திரும்பினால் அதற்கு மேல் இன்னொன்று. கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெளிச்சம் பரவி, வயலில் தேங்கிய தண்ணீர் சதுரம் சதுரமாக மின்னியது. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிய ஜீப்புகள் உறுமிக்கொண்டு என்னைத் தாண்டிப் போயின. சின்ன வயதில் மாடியிலிருந்து இந்த ஜீப்புகளின் விளக்குகள் மலையில் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த விளக்குகள் ஏறிய தடத்தில் இன்றைக்கு நான்.

ஹஃபீத்தில் நடுங்கியது போலவே ஒரு கட்டத்தில் தொடை நடுங்கியது. ஆனாலும் ஊன்றவில்லை. பனிமூட்டத்துக்குள் நுழைந்தேன். குளிர்ந்தது. உச்சிக்கு இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும்.

"எடீ பிலோ!"

வளைவின் தடுப்புச் சுவரில் லிஸ்ஸி உட்கார்ந்திருந்தாள். சுடிதார், செருப்பு, கையில் குடையும் ஃபிளாஸ்கும். பஸ்ஸை விட்டிறங்கி, நிற்கப் பொறுமையில்லாமல் கீழே நடந்து வந்திருக்கிறாள். மெலிந்திருந்தாள். முன்முடியில் நரை.

"நிறுத்தாதே! காலைக் கீழ வைக்காதே!" என்று கத்திக்கொண்டு பக்கத்திலேயே ஓடி வந்தாள். நான் போன வேகத்துக்கு ஓடக்கூடத் தேவையில்லை, வேகமாக நடந்தால் போதும். மூச்சு வாங்க ஏதோ சொல்ல வாயெடுத்து அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மிதிக்கட்டைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். பசியோடு இருக்கிறவர் அடுத்தவர் இலையைப் பார்ப்பதுபோல.

பிரேக்கைப் பிடித்தேன். காலை ஊன்றினேன்.

"எந்தா நீ செஞ்சது? முட்டாளே! இன்னும் கொஞ்ச தூரம்தானே?" அவளுக்கு நிஜமாகவே கோபம்.

"நீ ஏறு லிஸ்ஸி."

"வேண்டாம். ரெண்டு வருஷமா தொட்டதே இல்ல. வேண்டாம்."

"எனக்குக் கால் ஓஞ்சிருச்சு. வண்டிய மேல கொண்டுபோய்ச் சேரு."

என் கால் ஓயவில்லை என்பது அவளுக்குத் தெரியும். குடையையும் ஃபிளாஸ்கையும் என்னிடம் நீட்டினாள். தலைக்கவசத்தை மாட்டிவிட்டு, சீட்டை இரண்டு விரற்கடை இறக்கினேன். முதல் பத்தடி பாம்பு போல் வளைந்து போனாள். விழுந்துவிடுவாளோ என்று பின்னாலேயே ஓடினேன். அப்புறம் முதுகு தணிந்தது, முழங்கைகள் உள்ளே வந்தன. லிவா ரோட்டில் எத்தனையோ தடவை நான் ஒண்டிக்கொண்ட முதுகு.

பின்னால் ஒரு ஜீப் வந்தது. வளைவில் தாண்ட இடமில்லை. டிரைவர் ஹாரனை விடாமல் அமுக்கினார். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருவர் தலையை நீட்டி அதட்டினார்.

"ஏலே, அடிக்காத! அந்தப் பிள்ள ஏறட்டும்!"

"வேலைக்கு நேரமாச்சுக்கா!"

"ஒரு நாளைக்கு ஒண்ணும் கெட்டுப் போகாது. ஆத்தா, நீ ஏறு! விட்றாத, ஏறு!"

ஜீப் முழுக்கச் சேர்ந்து கத்த ஆரம்பித்துவிட்டது. லிஸ்ஸி திரும்பவில்லை. எழுந்து நின்று மிதித்தாள். ஜீப் அவளுக்குப் பின்னால் ஊர்வலம் போல் ஊர்ந்தது. நான் குடையும் ஃபிளாஸ்குமாக அதற்கும் பின்னால். அடுத்த வளைவில் எல்லாரும் பனிக்குள் மறைந்துபோனார்கள். சத்தம் மட்டும் மேலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது, கேரளச் சோதனைச்சாவடிக்கு முன்னால் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தாள். முகமெல்லாம் சிவந்து, உதடு துடித்தது. அழுகையா சிரிப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஃபிளாஸ்கில் இருந்த கட்டஞ்சாயாவை இருவரும் ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தோம்.

"சைக்கிள் ஒனக்குத்தான்" என்றேன். "விட்டுட்டுப் போறேன். நான் அங்க வேற வாங்கிக்கிறேன்."

வெகுநேரம் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள். "வேண்டாம்டீ. இப்படி ஒரு வண்டி வீட்ல நின்னா, எப்பவும் அதையே பார்த்துக்கிட்டிருப்பேன். ஜோயிச்சன் அதைப் பார்ப்பார். பாவம், தன்னால எழுந்திருக்க முடியலையேன்னு நினைப்பார். இன்னைக்கு இது மதி, போதும்."

கட்டப்பனை பஸ் வந்தது. ஓடிப்போய் ஏறினாள்.

மறுநாள் நான் மட்டும் போய் மறுபடி ஏறினேன். அடிவாரத்திலிருந்து எல்லை வரை காலை ஊன்றவே இல்லை. சந்தோஷம்தான். உச்சியில் ஒரு டீ குடித்துவிட்டு, பேச ஆளில்லாமல் இறங்கிவிட்டேன்.

லீவு முடிந்து சைக்கிள் பெட்டியோடு மதுரைக்குக் கிளம்பிய அன்று, அண்ணன் வண்டியில் மலைச்சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இனி மணலில் இருந்துகொண்டு இந்த மலைக்கு ஏங்குவேன். இங்கே வந்தாலோ அந்த மணல்தான் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு ஊரில் வாழ்ந்தவளுக்கு இதிலிருந்து தப்பிக்க வழி இல்லை போலிருக்கிறது.

விமானத்துக்கான வரிசையில் நிற்கும்போது லிஸ்ஸியிடமிருந்து ஒரு படம் வந்தது. ஏலக்காய்ச் செடிகளுக்கு நடுவே, அவள் மகள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிய பழைய லேடீஸ் சைக்கிள். கூடை நசுங்கியிருந்தது. பக்கத்தில் கட்டிலை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டு, ஜோயிச்சன் தலையணையில் சாய்ந்து படுத்திருந்தார். கையை உயர்த்திக் காட்டியிருந்தார். கீழே எழுதியிருந்தாள்: "இது துருப்பிடிச்சுக் கிடந்ததை அவர்தான் எடுக்கச் சொன்னார். வீட்டிலிருந்து ரோடு வரைக்கும் ஏறினேன். மூணு தடவை காலை ஊன்றிட்டேன். அவர் எண்ணிக்கிட்டே இருந்தார்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரிசை நகர்ந்தது. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பதில் அனுப்பினேன்:

"பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு. அடிச்சுட்டு ஏறு."