முதுகுக்குப் பின்னால் இரண்டு கைகள்

“இனி இந்த நெட்வேர்க்கில மனிசர் கை வைக்கத் தேவையில்லை. எனக்கே இங்க வேலையில்லை, பாருங்கோ!”

பதுளை இணைய நிலையப் பொறியியலாளர் கனகசுந்தரம், 2008இல் புது இயந்திரத்துக்கு மாலை போட்ட அன்று சொன்னது இது. அன்றிலிருந்து இயந்திர அறைக்குள் நுழைந்தால் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். லைட்டையும் முழங்கையால்தான் போடுவார். தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் மட்டும் விதிவிலக்கு.

இயந்திரத்தின் மகிமை அப்படி. இணையத் தரவு சாதாரணமாக மொனராகலை பஸ்ஸைப் போல சந்திக்குச் சந்தி நின்று வழி விசாரித்துத்தான் போகும். எந்தச் சுமை பெருத்து நீள்கிறதோ, அதை இயந்திரம் தானாகவே தூக்கி, எங்கும் நிற்காத ஒளிப்பாதையில் விட்டுவிடும். “ஆருக்கு அவசரம் எண்டு அதுக்குத் தெரியும்” என்பார், பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

ஒரு ஞாயிறு பிற்பகலும் கடமைக்கு வந்திருந்தார். கடமை, பழைய சினிமாப் படங்களைத் தரவிறக்குவது. பக்கத்து வீட்டிலிருந்து நானும் பிஸ்கட்டுக்காகப் போயிருந்தேன். தொலைபேசி அடித்தது. முழங்கையால் ஸ்பீக்கரை அமுக்கினார்.

“சேர், அலவி பேசுறேன், பஜார் நெட் கடை. இங்க பொண்ணு பாக்குறாங்க. படம் நின்டு போச்சு!”

மாப்பிள்ளை கட்டாரிலிருந்து வீடியோ அழைப்பில்; பெண் நமுனுகுல ஊர்க்காரி விஜயலெட்சுமி, அலவியின் கமெராவுக்கு முன்னால். அவளே தொலைபேசியை வாங்கிவிட்டாள்.

“ஐயா, நான் பேசி முடிச்சு வாய மூடிட்டேங்க. அங்க இன்னும் தொறந்தபடியே தெரியுதாம். ‘என்னா கொட்டாவி’ங்குறாரு! சாப்பாட்டு நேரம் முடிஞ்சா அவரு வேலைக்குப் போயிருவாருங்க. எனக்கு அவரப் புடிச்சிருக்குங்க.”

“பதறாதேங்கோ பிள்ளை. இயந்திரம் யோசிக்கும். நாங்கள் தலையிடக் கூடாது.”

இயந்திரம் முன்பே யோசித்து முடித்திருந்தது. ஒளிப்பாதையில் ராஜ மரியாதையோடு தனியாக வந்துகொண்டிருந்தவை அவருடைய சினிமாப் படங்கள். பொதுவழிச் சந்தியில் நெரிபட்டுக் கிடந்தது விஜயலெட்சுமியின் முகம்.

“ஐயா, எந்திரிக்கப் போறாருங்க!”

கனகசுந்தரம் என்னைப் பார்த்தார். நான் மிகுந்த பொறுப்புணர்வோடு ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தேன். பின்னால் படபடவென்று விசைகள் தட்டப்படும் சத்தம்.

“ஆ, வாய் மூடிருச்சுங்க! சிரிக்கிறாருங்க!”

திரும்பினேன். அவருடைய படங்கள் பாதியில் நின்றிருந்தன. கைகள் இரண்டும் பழையபடி முதுகுக்குப் பின்னால்.

“பாத்தீங்களே, யோசிச்சிட்டுது” என்றார். பிறகு கைகளை எடுக்காமலே குனிந்து, விசைப்பலகையில் சிந்திக் கிடந்த பிஸ்கட் தூளை வாயால் ஊதினார்.